மாமாவின் கையும் ரேடியேட்டர் மூடியும்

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். புதுசா ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுத்திருக்கார். முதல் தடவையா அதை மலைக்காட்டு மண் ரோட்டுல ஏத்தியிருக்கார். பாதி தூரத்துல டெம்பரேச்சர் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டிருக்கு. மனுசன் பயந்துபோய் திரும்பி வந்துட்டார். வந்ததும் எனக்கு ஒரு கேள்வி.

"ஏன்யா, பைபாஸ்ல 110-ல நாலு மணி நேரம் விரட்டினேன், முள்ளு அசையல. காட்டுக்குள்ள 8 கிலோமீட்டர் ஸ்பீடுல ஆமை மாதிரி போறேன், அதுக்குப் போய் சூடாகுது. மெதுவா போனா வண்டி கூலா தானே இருக்கணும்?"

நியாயமான கேள்வி. ஒரு காலத்துல எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. அதுக்கான பதில் எங்க பெரிய மாமாவோட வலது கையில, மணிக்கட்டுக்கு மேல ஒரு சாண் நீளத்துக்கு, வெளுத்த தழும்பா இருக்கு. அந்தத் தழும்புக்குக் காரணம் நான்தான். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். நண்பர் புண்ணியத்துல இன்னிக்கு எழுதிடறேன். (கொஞ்சம் நீளமாப் போகும். ஒரு காப்பியோட உக்காருங்க. கதையும் காப்பித் தோட்டத்துக் கதைதான்.)

பெரிய மாமா, அதாவது அம்மாவோட அண்ணன். கீழ்ப்பழனி மலையில தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் வச்சிருக்கார். வத்தலக்குண்டுல இருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியா மலை ஏறினா வரும். சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி, நடுவுல மலைவாழை, அங்கங்க ஆரஞ்சு, கீழ காப்பிச்செடி. பாக்குறவங்க "ஆஹா சொர்க்கம்"னு சொல்லுவாங்க. அந்த சொர்க்கம் தார் ரோட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் பள்ளத்துல இருக்கு. நடுவுல இருக்கறது ரோடு இல்ல. மழைத்தண்ணி ஓடி ஓடி அரிச்ச ஒரு ஓடைன்னுதான் சொல்லணும். பாதி கல், பாதி சேறு. வெறும் வண்டியா கீழ இறங்கணும், லோடு ஏத்திக்கிட்டு மேல ஏறணும். அதுதான் அங்க சிக்கல்.

அதுக்குன்னே மாமாகிட்ட ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. ஏலத்துல எடுத்தது. கதவு கிடையாது, ஹாரன் மழை பெஞ்சா மட்டும் அடிக்கும், ஆனா இன்ஜின் மட்டும் கல்லு மாதிரி. "இது என் மூத்த புள்ள"ம்பார்.

2007 டிசம்பர். காப்பிப் பழம் எடுக்குற சீசன். எனக்கு அப்போ 26 வயசு. சென்னையில பொட்டி தட்டுற வேலை, லீவுக்கு தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாமாவோட டிரைவர் சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போயிட்டார். வத்தலக்குண்டு வியாபாரிக்கு அன்னிக்கே மூட்டை போய்ச் சேரணும். மாமாவுக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியாது. "நான் ஓட்டறேன் மாமா"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தேன்.

மேல போறதுக்கு முன்னாடி, நான் அந்த ஜீப்புக்கு செஞ்சிருந்த திருப்பணிகளைச் சொல்லிடறேன். அந்த வருஷ தீபாவளிக்கு மாமாவுக்குப் பரிசா ரெண்டு பெரிய ஃபாக் லைட் வாங்கிட்டு வந்து, முன்னாடி கிரில்லுக்கு நேரா மாட்டிவிட்டேன். அதுக்கு மேட்சா ஒரு பளபள குரோம் வலை. ஜீப்பு மாப்பிள்ளை மாதிரி இருந்துச்சு. ரேடியேட்டருக்குக் காத்து வர்ற வழியில பாதியை அடைச்சிருக்கேன்னு அப்போ தெரியல.

இன்னொண்ணும் இருந்தது. ஆறு மாசம் முன்னாடி ரேடியேட்டர் வேலை பாத்த யாரோ, ஃபேனைச் சுத்தி இருக்குற தகரக் கூண்டைக் கழட்டிப்போட்டு, திரும்ப மாட்டாம விட்டிருந்தாங்க. "கை போக மாட்டேங்குது சார், இது இல்லாமயே ஓடும்"னாங்களாம். மாமா அதைக் கொண்டுபோய் கொட்டாய்ல போட்டுட்டார். நான் போனப்ப அதுல ஒரு கோழி முட்டை போட்டு அடை காத்துக்கிட்டு இருந்துச்சு. நிஜமாத்தான்!

ரேடியேட்டர்ல என்ன தண்ணின்னு கேக்காதீங்க. போர் தண்ணி. கூலன்ட் எல்லாம் கார்க்காரங்களுக்குன்னு ஒரு நினைப்பு.

காலையில கிளம்ப வேண்டியது. மூட்டை தைச்சு, எடை போட்டு, ஏத்தி முடிக்க பகல் பன்னண்டு ஆயிருச்சு. பத்து மூட்டை. முன்னாடி நானும் மாமாவும். பின்னாடி மூட்டை மேல ஒரு 20 லிட்டர் தண்ணி கேன். மாமா அந்த கேன் இல்லாம எப்பவும் கிளம்ப மாட்டார்.

முதல் ஒரு கிலோமீட்டர் அருமையா போச்சு. கியர் கம்பி பக்கத்துல ஒரு குட்டிக் கம்பி இருக்கும், அதைத் தள்ளினாத்தான் லோ ரேஞ்சு விழும். அது கொஞ்சம் இறுக்கமா இருந்தது. ரெண்டு தடவை தள்ளிப் பாத்துட்டு விட்டுட்டேன். "எதுக்கு மாமா, ரெண்டாவது கியர்லயே இழுக்குதே"ன்னு சொல்லி, இழுக்காத எடத்துல எல்லாம் பாதி கிளட்ச் மிதிச்சு சமாளிச்சேன். இன்ஜின் முக்கி முனகி, பின்னாடி கரும்புகை விட்டுக்கிட்டு ஏறுச்சு. அது அழுகைன்னு எனக்குப் புரியல, வீரம்னு நினைச்சேன்.

ரெண்டாவது வளைவுல முள் முக்காலுக்கு வந்தது. மாமா பாத்தார். "மாப்ள, கொஞ்சம் நிப்பாட்டிக்கலாமா?"

"இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் மாமா, மேல போய் நிப்பாட்டிக்கலாம்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை திரும்ப யோசிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல.

முள் சிவப்புக்குப் போச்சு. அடுத்த ரெண்டு நிமிஷத்துல ஒரு அதிசயம் நடந்தது. முள் தானா கீழ இறங்குச்சு! பாதிக்கும் கீழ! "பாத்தீங்களா மாமா, சரியாயிருச்சு"ன்னு சிரிச்சேன். அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ள இன்ஜின் இழுவை செத்துப்போச்சு. பெயின்ட் கருகுற வாசனை. பானட் இடுக்குல இருந்து வெள்ளையா ஆவி.

சரியான அர்த்தம் பின்னாடிதான் தெரிஞ்சது. முள்ளுக்கு சேதி சொல்ற சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருக்கணும். தண்ணி கொதிச்சு வெளிய தள்ளிப்போய் மட்டம் இறங்கிட்டா, சென்சார் வெறும் காத்துலயும் ஆவியிலயும் நிக்கும், தப்பா குறைச்சுக் காட்டும். சிவப்புக்குப் போன முள் காரணமே இல்லாம சட்டுனு இறங்கினா சந்தோஷப்படாதீங்க. உடனே வண்டியை நிறுத்துங்க.

நான் வண்டியை நிறுத்தி, கல்லு வச்சு, பானட்டைத் தூக்கினேன். மூளை வேலை செய்யல. தண்ணி ஊத்தணும், அவ்வளவுதான் மனசுல ஓடுச்சு. ஒரு ஈரச்சாக்கைக் கையில சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடியை ஒரு திருகு திருகிட்டேன்.

"மாப்ள, தொடாத!"

மாமா எப்ப சீட்டுல இருந்து இறங்கினார், அந்த முழங்காலோட எப்படி அவ்வளவு வேகமா வந்தார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இடது கையால என் நெஞ்சுல ஒரு தள்ளு. நான் போய் மேட்டுல விழுந்தேன். மூடி தெறிச்சுது. என் மூஞ்சி இருந்த எடத்துல அவரோட வலது கை இருந்தது.

சத்தம்கூடப் போடல அவர். "ஸ்ஸ்..."னு ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டத்துல பழம் எடுத்துக்கிட்டு இருந்தவங்க ஓடி வந்தாங்க. ஒருத்தர் பேஸ்ட் தடவணும்னார், இன்னொருத்தர் இங்க் ஊத்தணும்னார். அதுல ஒரு அக்கா மட்டும் எல்லாரையும் அதட்டி விலக்கிட்டு, அந்த 20 லிட்டர் கேனை இறக்கச் சொல்லி, மாமா கை மேல மெதுவா ஊத்திக்கிட்டே இருந்தாங்க. கேன் காலியாக இருபது நிமிஷம் ஆயிருக்கும். அப்புறம் துவைச்ச துண்டை லூசா சுத்தி விட்டாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னார், "அந்தத் தண்ணிதான் இந்தக் கையைக் காப்பாத்துச்சு. பேஸ்டு கீஸ்டு தடவியிருந்தா நிலைமை வேற"ன்னு. தீக்காயத்துக்கும் வெந்நீர்க் காயத்துக்கும் இருபது நிமிஷம் சாதாரண குளிர்ந்த தண்ணி, ஐஸ் கூட கிடையாது. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

ரேடியேட்டருக்குன்னு கொண்டுவந்த தண்ணி எல்லாம் மாமா கைக்கே போயிருச்சு. ஜீப்பை அங்கயே விட்டுட்டு, மேல தார் ரோட்டுக்கு நடந்தோம். ஒரு கிலோமீட்டர் ஏத்தம். முகம் வெளுத்துப் போயிருந்தது மாமாவுக்கு. வழியில நின்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாப்ள, மூட்டைய தார்ப்பாய் போட்டு மூடுனியா?"

நான் அழுதுட்டேன். அவர் திட்டியிருந்தா அழுதிருக்க மாட்டேன்.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டப்ப மாமாவே வாங்கிப் பேசினார். "அடுப்புல இருந்து வெந்நீர் இறக்குறப்ப கை தவறிருச்சு தாயி, ஒண்ணுமில்ல." எங்கிட்ட போனைக் கொடுத்தப்ப கண்ணால ஒரு சைகை. அந்தப் பொய் அப்படியே நின்னுருச்சு. கல்யாணம், காதுகுத்து, எங்க யாரு கேட்டாலும் "வெந்நீர் கொட்டிருச்சு." பாக்கப்போனா அது முழுப் பொய்யும் இல்ல. வெந்நீர்தானே!

ஜீப்பை நாலு நாள் கழிச்சு டிராக்டர் வச்சு மேல இழுத்து, வத்தலக்குண்டு கொண்டுபோனோம். ஹெட்ல கேஸ்கட் போயிருந்தது, ஹெட்டும் லேசா வளைஞ்சிருந்தது. ஒர்க்‌ஷாப் பாய் பொறுமையா எல்லாத்தையும் பிரிச்சு வச்சு எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். காலேஜ்ல நாலு வருஷம் படிச்சதைவிட அது அதிகம்.

முதல்ல ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, வீட்டுல குக்கர் விசிலடிக்கறப்ப மூடியத் திறப்பியா?"

"மாட்டேன் பாய்."

"இதுவும் குக்கருதான்."

விஷயம் இதுதான். தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு படிச்சிருக்கோம். அது கடல் மட்டத்துல. 300 மீட்டர் ஏற ஏற ஏறக்குறைய ஒவ்வொரு டிகிரி குறையும். 1,200 மீட்டர் உயரத்துல 96 டிகிரியிலயே கொதிச்சிரும். அதைத் தடுக்கத்தான் அந்த மூடி. ஸ்பிரிங் போட்டு உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வைக்குது. இப்போ வர்ற வண்டிகள்ல மூடி நல்லா இருந்தா அந்த உயரத்துலகூட 115 டிகிரி பக்கம் வரைக்கும் தண்ணி கொதிக்காம நிக்கும். மூடியத் திறந்தா அழுத்தம் போயிரும். அந்த நொடியே, அதுவரைக்கும் தண்ணியா இருந்தது ஆவியா வெடிச்சுக்கிட்டு வெளிய வரும். ஈரச்சாக்கு எல்லாம் அதுக்கு முன்னாடி தூசு. ரப்பர் வாஷர் நைஞ்ச பழைய மூடின்னா இன்னொரு தொல்லை, அழுத்தம் நிக்காம சீக்கிரமே கொதிச்சிரும். மூடி விலை ரொம்பக் கம்மி. மாத்திடுங்க.

அடுத்து நம்ம நண்பரோட கேள்வி. மெதுவா போறப்ப ஏன் சூடாகுது?

இன்ஜின் எரிக்கிற எண்ணெயில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துது. ஒரு பங்கு புகையோட போயிரும். மிச்சம் இருக்குற சூட்டை ரேடியேட்டர்தான் வெளிய தள்ளணும். பைபாஸ்ல 100-ல போறப்ப எதிர்காத்து புயல் மாதிரி ரேடியேட்டர்ல அடிக்கும், ஃபேனுக்கு வேலையே இல்ல. காட்டுல 8-ல போறப்ப எதிர்காத்துன்னு ஒண்ணு கிடையாது. மொத்த வேலையும் ஃபேன் தலையில. ஆனா லோடோட மேடு ஏறுறதால சூடு மட்டும் குறையல. மெதுவா போறது வண்டிதான், இன்ஜின் உழைச்சுக்கிட்டேதான் இருக்கு. வரவு கம்மி, செலவு அதே. மாசக்கடைசி மாதிரின்னு வச்சுக்குங்க.

இதைப் புரிஞ்சுக்கிட்டா நான் பண்ணின ஒவ்வொரு தப்பும் தானா விளங்கிடும்.

ஃபாக் லைட்டும் குரோம் வலையும் காத்தை மறைச்சது. கூண்டு இல்லாததால ஃபேன், ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காம, சுத்தி இருக்குற சூடான காத்தையே திரும்பத் திரும்ப இழுத்தது. போர் தண்ணியோட உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ள சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு பாதியை அடைச்சிருந்தது. பாய் ஒரு குழாயை வெட்டிக் காட்டினார், கெட்டில் அடியில படியுமே, அதே வெள்ளை.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு கியர். அந்த மாதிரி ஜீப்புல ஃபேனும் வாட்டர் பம்ப்பும் இன்ஜின் சுத்துற வேகத்துலதான் சுத்தும். நான் பெரிய கியர்ல முக்க வச்சேன். இன்ஜின் மெதுவா சுத்துச்சு, பாரம் மட்டும் முழுசா இருந்துச்சு. சூடு அதிகம், காத்து கம்மி, தண்ணி ஓட்டமும் கம்மி. அந்தக் குட்டிக் கம்பியை லோ-வுல தள்ளியிருந்தா, சக்கரத்துக்குப் போற இழுவை ரெண்டரை மடங்கு கிட்ட கூடியிருக்கும். இன்ஜின் லேசா, நல்ல வேகத்துல சுத்தியிருக்கும், ஃபேனும் கூடவே சுத்தியிருக்கும். "கல்லு ரோட்டுல லோ கியர் போடுறது அவமானம் இல்ல தம்பி, அதுக்குத்தான் வச்சிருக்கான்"னார் பாய். (தார் ரோடு வந்ததும் ஃபோர் வீலை எடுத்துடணும், அது வேற.)

கடைசியா ஒண்ணு சொன்னார். அதைக் கேட்டப்ப அசந்துட்டேன். வெயில் ஏறினதும் மலையில காத்து பள்ளத்துல இருந்து மேல நோக்கி வீசும். ராத்திரியும் விடியக்காலமும் மேல இருந்து கீழ இறங்கும். நான் பன்னண்டு மணிக்கு ஏறினேன். காத்து என் முதுகுப்பக்கம். வண்டி போற அதே வேகத்துல பின்னாடி இருந்து காத்து வந்தா, ரேடியேட்டருக்குக் காத்தே இல்லன்னு அர்த்தம். "உங்க மாமா எப்பவும் காலையில ஆறு மணிக்கு லோடு ஏத்துவாரே, ஏன்னு கேட்டிருக்கியா?" கேட்டதில்ல. அவருக்குத் தூக்கம் வராதுன்னு நினைச்சிருந்தேன்.

சரி, இப்போ உபயோகமான பகுதிக்கு வர்றேன். இத்தனை வருஷமா நான் கடைப்பிடிக்கிறது.

கிளம்பறதுக்கு முந்தின நாள், இன்ஜின் ஆறி இருக்கறப்ப மூடியத் திறந்து மட்டம் பாத்துடுவேன். கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு தண்ணியும் பாதிக்குப் பாதி. (டப்பாவுல "கலந்தது"ன்னு போட்டிருந்தா திரும்பக் கலக்காதீங்க. கூலன்ட் விஷம், லேசா இனிக்கும், நாய் பூனை நக்கிடும். கீழ சிந்தினா கழுவிடுங்க.) ஃபேன் பெல்ட்டை நடுவுல கட்டைவிரலால அழுத்தினா ஏறக்குறைய அரை அங்குலம்தான் அமுங்கணும். ஹோஸ் பைப்பை அமுக்கிப் பாருங்க. மொறமொறன்னோ கொழகொழன்னோ இருந்தா மாத்திடுங்க. ரேடியேட்டர் இடுக்குல அடைச்சிருக்குற பூச்சி, புல்விதை, சேறு எல்லாத்தையும் இன்ஜின் பக்கம் இருந்து வெளிப்பக்கமா, லேசான தண்ணியில கழுவணும். சர்வீஸ் ஸ்டேஷன்ல பீச்சியடிக்கிற தண்ணி அந்த மெல்லிய தகட்டை மடக்கிப்போட்டுரும். வண்டியைத் தள்ளிப் பாருங்க, பிரேக் பிடிச்சுக்கிட்டு இருந்தா அதுவும் இன்ஜினுக்கு சுமைதான்.

புது வண்டிக்காரங்களுக்கு: சில வண்டியில ஃபேன் நடுவுல ஒரு உருண்டை இருக்கும், சூடானாத்தான் ஃபேனை இறுக்கிப் பிடிக்கும். ஆறின இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஃபேனைக் கையால சுத்திப் பாருங்க. லேசா எதிர்ப்பு காட்டணும். காத்தாடி மாதிரி சுத்திக்கிட்டே இருந்தா அது போயிருச்சு. கரன்ட் ஃபேன் உள்ள வண்டின்னா, நின்ன எடத்துல சூடேறவிட்டு ஃபேன் ஓடுதான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. அப்புறம், "சூடாகுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசு"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. சில இன்ஜின்ல அதைக் கழட்டினா தண்ணி ரேடியேட்டருக்கே போகாம குறுக்கு வழியில சுத்தும், இன்னும் சூடாகும். பழுதுன்னா புதுசு போடுங்க.

ஏறுறப்ப லோ கியர், ஒரே சீரான வேகம். பாதி கிளட்ச் வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டின்னாலும் லோ ரேஞ்சு போடுங்க, இல்லாட்டி கியர் எண்ணெயும் சூடாகி அந்தச் சூடும் பல வண்டிகள்ல ரேடியேட்டர் தலையிலதான் விழும். முள் வழக்கமான எடத்தைவிட ஒரு நூல் ஏறினா ஏசி ஆஃப். ஏசியோட சூட்டை விடற பாகம் ரேடியேட்டருக்கு முன்னாடியேதான் உக்காந்திருக்கு. அப்பவும் ஏறினா ஜன்னலைத் திறந்துட்டு ஹீட்டரை ஃபுல்லா வைங்க. சிரிக்காதீங்க, ஹீட்டர்ங்கறது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூட்டை எடுத்து உங்க மேல ஊதும். நீங்க வேகுவீங்க, இன்ஜின் பிழைக்கும்.

சிவப்புக்கு முன்னாடியே நின்னுடணும். முடிஞ்சா காத்து வர்ற திசைக்கு மூஞ்சியைத் திருப்பி நிறுத்துங்க. தண்ணி ஒழுகல, பெல்ட் அறுந்துபோகல, ஆவி வரலைன்னா இன்ஜினை உடனே ஆஃப் பண்ணாதீங்க. நியூட்ரல்ல, ஐடிலுக்குக் கொஞ்சம் மேல ஓடவிடுங்க. ஆஃப் பண்ணினா பம்ப்பும் நின்னுரும், உள்ள இருக்குற சூடு போக வழியில்லாம இன்னும் ஏறும். தண்ணி போயிருச்சு, ஆவி கொட்டுதுன்னா மட்டும் உடனே ஆஃப். அப்புறம் மூடியத் தொடாம காத்திருங்க. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம், கையை மேல் ஹோஸ் மேல வச்சா பொறுக்குற அளவுக்கு ஆறுற வரைக்கும். அப்புறமும் கனமான துணியைப் போட்டு, மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கிட்டு, முதல் திருகுல நிறுத்தி, "புஸ்"ஸுங்கிற சத்தம் அடங்கினப்புறம்தான் முழுசாத் திறக்கணும். ஆறாத இன்ஜின்ல பச்சைத்தண்ணியைக் கொட்டினா ஹெட் விரிசல் விடும்.

இவ்வளவுதான். யோசிச்சுப் பாத்தா இதுல கஷ்டமான வேலைன்னு எதுவுமே இல்ல. காலையில சீக்கிரம் கிளம்பறது, சின்ன கியர் போடுறது, நடுவுல நிக்கறது, ஆறுற வரைக்கும் உக்காந்திருக்கறது. எல்லாமே பொறுமைதான். 26 வயசுல எங்கிட்ட இல்லாத ஒரே சாமான் அது.

இந்தப் பொங்கலுக்கு எல்லாரும் மாமா வீட்டுல கூடினோம். மாமாவுக்கு இப்போ 74. ஜீப்பு இன்னும் இருக்கு. கூண்டு அதோட எடத்துல இருக்கு, கோழிக்கு வேற கூடை கிடைச்சாச்சு. சாப்பிட்டுட்டு திண்ணையில உக்காந்திருந்தப்ப என் பையன் அவர் கையைத் தடவிப் பாத்து, "தாத்தா, இது என்ன?"ன்னான்.

மாமா வழக்கம்போல ஆரம்பிச்சார். "அது வந்துடா ராசா, ஒரு நாள் அடுப்புல இருந்து வெந்நீர்..."

"இல்லடா"ன்னேன் நான். "அது அப்பா பண்ணினது."

முழுசா சொன்னேன். ஃபாக் லைட், ரெண்டாவது கியர், "மேல போய் நிப்பாட்டிக்கலாம் மாமா", எதையும் விடல. பையன் வாயைப் பிளந்து கேட்டான். மாமா தலையைக் குனிஞ்சு துண்டைத் திருகிக்கிட்டு இருந்தார், தப்பு பண்ணினது என்னமோ அவர் மாதிரி. "ஏன் மாப்ள, இத்தனை வருஷம் பொத்தி வச்சத..."

உள்ள இருந்து அம்மா காப்பி டம்ளரோட வந்தாங்க. ஒண்ணை அண்ணன் முன்னாடி வச்சாங்க.

"எனக்கு அன்னிக்கே தெரியும். பொறந்ததுல இருந்து அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பாக்காத மனுசன், வெந்நீர் இறக்குனாராம்ல வெந்நீர்."

மாமா சிரிச்சார். நானும் சிரிச்சேன். டம்ளரை அவர் அந்தக் கையாலதான் எடுத்தார். "சூடு சூடு, ஆறட்டும்ணே"ன்னாங்க அம்மா.

கீழ வச்சுட்டு, ஆறுற வரைக்கும் எல்லாரும் சும்மா உக்காந்திருந்தோம்.